உங்கள் இன்ஸ்பெக்டர் எதற்காக அலுத்துப்போனார்?

கேள்வி: ஐயா, கொடைக்கானல் மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் வேலை பார்க்கிறேன். பெரும்பாலும் இரவுப் பணி. அந்த நேரத்தில் ஒரு துப்பறியும் நாவல் எழுதி வருகிறேன். களம் கன்னியாகுமரி, பள்ளிச் சுற்றுலாவில் பார்த்த ஊர். நாயகன் 52 வயது இன்ஸ்பெக்டர். மனைவி இறந்துவிட்டார். வாழ்க்கையே சலித்துப்போனவர். மே மாதம் சின்னமுட்டம் விசைப்படகு ஒன்றின் வலையில், காதும் உதடும் சிதைந்த ஓர் உடல் சிக்குகிறது. பார்த்ததுமே ‘கொலை’ என்கிறார். தனியாளாகவே விசாரிக்கிறார். கடைசியில் சூரிய உதயத்தின்போது கொலையாளி அவரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறான். இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு வேலையை விட்டுப் போகிறார். படித்த தோழி ஒரே கேள்வி கேட்டாள்: “இந்த ஆளு எதுக்குடி இவ்வளவு அலுத்துப்போய்க் கிடக்கார்?” எனக்குப் பதில் தெரியவில்லை. நிஜத்தில் ஒரு குற்றப்பிரிவு அதிகாரி எதனால் அலுத்துப்போவார்? கதையில் தப்பு இருந்தாலும் சொல்லுங்கள். மூன்று அத்தியாயங்களை இணைத்திருக்கிறேன்.

— வாசகி, கொடைக்கானல்

பதில்: ஓய்வுபெற்ற குற்றப்பிரிவுக் காவல் ஆய்வாளர்

அந்தத் தோழியை விட்டுவிடாதீர்கள் அம்மா. சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். நீங்கள் அனுப்பிய மூன்று அத்தியாயங்களிலும் உங்கள் இன்ஸ்பெக்டர் கடலைப் பார்க்கிறார், சிகரெட் பற்றவைக்கிறார், பெருமூச்சு விடுகிறார். வேலை பார்த்ததாக ஒரு வரிகூட இல்லை. மனைவி இறந்த துக்கத்தைக் காரணமாக வைத்திருக்கிறீர்கள். வீட்டில் இழவு விழுந்த பிறகும் ஸ்டேஷனுக்கு வந்தால் துடியாக வேலை பார்த்த அதிகாரிகளை எனக்குத் தெரியும். வீடு, வாசல், பிள்ளைகள் எல்லாம் நல்லபடி அமைந்தும், ஒரு செல்போன் திருட்டு மனுவைக் கையில் வாங்கியதுமே முகம் தொங்கிப்போகிறவர்களையும் தெரியும். உங்களுக்கு வேண்டியவர் இந்த இரண்டாவது ஆள்.

கன்னியாகுமரி மாவட்டத்திலும் கொடைக்கானல் உட்கோட்டத்திலும் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். சுற்றுலா ஊரில் புகார் கொடுத்தவர் போய்விடுவார். பார்த்த சாட்சி போய்விடுவார். பல நேரம் எடுத்தவனும் போய்விடுவான். ஃபைல் மட்டும் போகாது, அதை வைத்திருக்கும் ஆளும் போக முடியாது. அலுப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஒரு சாதாரண நாளை எடுத்துக்கொள்ளுங்கள். கொல்கத்தாவிலிருந்து வந்த குடும்பம். அறையில் வைத்த பையில் இருந்த செயினும் போனும் காணோம். சாயங்காலம் ரயில். “கேஸெல்லாம் வேண்டாம் சார், பொருள் கிடைச்சா போதும்” என்பார்கள். எழுதிக் கொடுக்கச் சொன்னால் மணியைப் பார்ப்பார்கள். புகார் வாங்கியதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோடு கிளம்பிவிடுவார்கள். ஊரைக் காலி செய்யும் நாளில்தான் இந்த மாதிரித் திருட்டு அதிகம் நடக்கும். ஒருநாள் தங்கித் தேட அவர்களுக்கு நேரம் இருக்காது என்று எடுப்பவனுக்குத் தெரியும். யார் எடுத்திருப்பான் என்று க்ரைம் ஏட்டுக்கும் முக்கால்வாசி தெரியும். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? புகார்தாரர் அதற்குள் மதுரை தாண்டியிருப்பார்.

சரி, எஃப்.ஐ.ஆர். போட்டாயிற்று, ஆளையும் பிடித்தாயிற்று என்றே வைத்துக்கொள்வோம். அந்தக் குடும்பத்தில் யாராவது அவனைப் பார்த்திருந்தால், பலரோடு நிறுத்தி ஆளை அடையாளம் காட்டச் சொல்லும் அடையாள அணிவகுப்பு நடத்த வேண்டும். மாஜிஸ்திரேட் முன்னிலையில், நாகர்கோவில் சிறையில். அதற்காகக் கொல்கத்தாக்காரர் தன் செலவில் இரண்டு நாள் ரயிலில் வர வேண்டும். போன் போட்டால் முதல் தடவை எடுப்பார், இரண்டாவது தடவை அவர் மனைவி எடுப்பார், மூன்றாவது தடவை யாரும் எடுக்க மாட்டார்கள். சாட்சி வீடியோவிலேயே வாக்குமூலம் கொடுக்கலாம் என்று இப்போது சட்டத்தில் வழி வந்திருக்கிறது. அந்தத் தேதிக்கும் அவர் போனை எடுத்தாக வேண்டுமே.

இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு. ஊருக்குப் போய்ச் சேர்ந்து, பெட்டியைப் பிரித்த பிறகுதான் நகை இல்லை என்று தெரியும். அங்கேயே உள்ளூர் ஸ்டேஷனில் புகார் கொடுப்பார்கள். எல்லை தங்களுடையது இல்லை என்று அவர்கள் தட்டிக்கழிக்க முடியாது, ஜீரோ எஃப்.ஐ.ஆர். போட்டு நமக்கு அனுப்ப வேண்டும். அந்தக் காகிதம் வந்து சேரும்போது அறையில் எத்தனை குடும்பம் தங்கிப் போயிருக்கும், எத்தனை முறை பெட்ஷீட் மாற்றியிருப்பீர்கள் என்று ரிசப்ஷனில் இருக்கும் உங்களுக்கே தெரியும். உங்கள் லாட்ஜ் கேமராவில் எத்தனை நாள் பதிவு நிற்கும் என்று முதலாளியிடம் கேட்டுப் பாருங்கள். பல இடங்களில் பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிவிடும். அழிந்துபோன பதிவைத் தேடி நடக்கிற நடை இருக்கிறதே, அதை ஒரு அத்தியாயம் எழுதுங்கள். உங்கள் ஆளின் பெருமூச்சுக்கு அர்த்தம் வந்துவிடும்.

இன்னொன்று: கதை எந்த வருஷம் நடக்கிறது? நீங்கள் சொல்லவே இல்லை. 2024 ஜூலை 1-க்கு முன்பா, பின்பா என்பது முக்கியம். அன்றுதான் இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. உங்கள் 52 வயது ஆளுக்கு முப்பது வருஷமாக நாக்கில் ஊறிய எண்கள் எல்லாம் ஒரே ராத்திரியில் மாறிவிட்டன. கொலை 302 ஆக இருந்தது, இப்போது 103. திருட்டு 379, இப்போது 303(2). மோசடி 420, இப்போது 318(4). சந்தேக மரணம் குற்றவிசாரணை முறைச் சட்டத்தில் 174, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 194. பழக்கதோஷத்தில் எஃப்.ஐ.ஆரில் 302 என்று எழுதிவிட்டால், அது மத உணர்வைப் புண்படுத்தும் பேச்சுக்கான பிரிவு! சோதனையையும் பறிமுதலையும் ஆடியோ-வீடியோவில் பதிவு செய்ய வேண்டும். விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் புகார்தாரருக்குத் தெரிவிக்க வேண்டும். எல்லாம் நல்ல ஏற்பாடுதான், எனக்குக் குறையில்லை. ஆனால் ஓய்வுக்கு எட்டு வருஷம் இருக்கையில் பரீட்சைக்குப் படிக்கிற பையன் மாதிரி பிரிவு எண்களை மனப்பாடம் செய்யும் ஒருவரை, எஸ்.ஐ.யாக வந்த சின்னப் பிள்ளைகள் “ஐயா, அது இப்ப 194” என்று திருத்துவதை நீங்கள் எழுதலாம்.

52 வயதில் இன்னும் ஏன் இன்ஸ்பெக்டர் என்பதற்கும் நீங்கள் ஒரு காரணம் வைத்தாக வேண்டும். நேரடி எஸ்.ஐ.யாகச் சேர்ந்தவர் என்றால் அவரோடு சேர்ந்தவர்கள் டி.எஸ்.பி. ஆகியிருப்பார்கள். இவருக்குத் தடையாக நின்றது பெரும்பாலும் 3(பி) சார்ஜாக இருக்கும். 1955-ஆம் ஆண்டு ஒழுங்கு விதிகளின்படி கடுமையான தண்டனைக்கான குற்றச்சாட்டு மெமோ அது. நிலுவையில் இருந்தால் பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் ஏறாது. எதற்காகக் கொடுத்தார்கள் என்பதைச் சின்ன விஷயமாக வையுங்கள். லஞ்சம், லாக்கப் என்று போகாதீர்கள். ஒரு வி.ஐ.பி. பந்தோபஸ்தில் சொன்ன பாயின்ட்டில் நிற்காமல் ஒரு சாட்சியைப் பார்க்கப் போய்விட்டார் என்று இருக்கட்டும்.

பந்தோபஸ்து என்றதும் நினைவுக்கு வருகிறது. உங்கள் இன்ஸ்பெக்டருக்குச் சீசனே இல்லை. இங்கே நமக்கு ஏப்ரல், மே. பிரையண்ட் பூங்காவில் மலர்க் கண்காட்சி முடிகிற வரை மூச்சுவிட முடியாது. கன்னியாகுமரியில் அது மட்டும் போதாது. கார்த்திகையிலிருந்து தை வரை சபரிமலைக்குப் போய் வருகிற ஐயப்ப பக்தர்கள் கூட்டம். அந்த நாட்களில் க்ரைம் டீம் என்று தனியாக ஒன்று இருக்காது. எல்லாரும் படகுத்துறை வரிசையில் நிற்பார்கள். மாதம் முடிந்ததும் எஸ்.பி. ஆபீஸில் க்ரைம் மீட்டிங். அங்கே பந்தோபஸ்தைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். கண்டுபிடிக்காத வழக்கு எத்தனை, ரெகவரி எவ்வளவு என்றுதான் கேட்பார்கள். அந்த மீட்டிங்கில் கையைக் கட்டி நிற்கும் அரைமணி நேரத்தை எழுதினால் உங்கள் நாயகனுக்குச் சிகரெட்டே தேவைப்படாது.

இனி சொல்லப்போவது கொஞ்சம் கனமானது. உங்கள் கதையில் கொலைகாரன் மட்டும்தான் சாவைக் கொண்டுவருகிறான். கடலோர ஊரானாலும் மலை ஊரானாலும், உயிரை விட்டுவிடுவது என்று முடிவெடுத்து வருகிறவர்கள் உண்டு. காலையில் கதவு திறக்கவில்லை என்று லாட்ஜிலிருந்து போன் வரும். சட்டப்படி வேலை எளிது: 194-இல் பதிவு, பஞ்சாயத்தார் முன்னிலையில் விசாரணை, பிரேதப் பரிசோதனை. அதற்கு நடுவில் ஒரு வேலை எந்த மேனுவலிலும் சரியாக எழுதப்படாதது. ஆதார் நகலில் இருக்கும் ஊரைப் பார்த்து, அந்த வீட்டுக்குப் போன் செய்ய வேண்டும். எதிர்முனையில் எடுப்பது அப்பாவாக இருக்கலாம், பன்னிரண்டு வயது மகளாகவும் இருக்கலாம். “நீங்க யாரு, பெரியவங்க யாராவது இருக்காங்களா?” என்று தொடங்குவோம். அந்தக் கேள்வியிலேயே அந்தப் பக்கம் புரிந்துவிடும். என்னோடு வேலை பார்த்த ஓர் ஆய்வாளர் திருட்டு, அடிதடி எல்லாவற்றையும் சளைக்காமல் பார்த்தார். இந்தப் போனை மட்டும் ஒரு கட்டத்துக்குப் பிறகு எஸ்.ஐ.யிடம் தள்ளிவிட ஆரம்பித்தார். அன்றைக்கே அவர் ஓய்ந்துவிட்டார் என்று எங்களுக்குத் தெரிந்தது. உங்கள் தோழி கேட்ட கேள்விக்கு எனக்குத் தெரிந்த நேரான பதில் இதுதான்.

(கதைக்கு வெளியே, ரிசப்ஷனில் இருக்கும் உங்களுக்கு ஒரு வார்த்தை. தனியாக வந்து, சாமான் இல்லாமல், முகம் சரியில்லாமல் ஒருவர் அறை கேட்டால் சாப்பிட்டீர்களா என்று கேட்டுப் பேச்சுக் கொடுங்கள். 14416 என்ற டெலி மனாஸ் மனநல உதவி எண்ணை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருங்கள். எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். சந்தேகம் வலுத்தால் எங்களுக்குச் சொல்லத் தயங்க வேண்டாம்.)

இப்போது தப்புகளுக்கு வருவோம். மே மாதம் விசைப்படகு வலையில் உடல் சிக்கியது என்கிறீர்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். சின்னமுட்டம் விசைப்படகுகள் எல்லாம் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும். அதே மாவட்டத்தின் மேற்குப் பக்கத்தில் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒன்று, விசைப்படகை வள்ளமாக, அதாவது நாட்டுப்படகாக மாற்றுங்கள். அவர்கள் தடைக்காலத்திலும் போவார்கள். அல்லது, தடைக்காலத்தில் திருட்டுத்தனமாகப் போன படகாகவே வைத்துக்கொள்ளுங்கள். உடலைப் பார்த்தவர்கள் வாயைத் திறக்கப் பயப்படுவார்கள். உங்கள் கதைக்கு இது இன்னும் நல்லது.

காதும் உதடும் சிதைந்திருப்பதைப் பார்த்ததும் கொலை என்று சொல்கிற இன்ஸ்பெக்டர் கடலோர ஸ்டேஷனில் ஒரு மாதம்கூட வேலை பார்த்திருக்க மாட்டார். மீனும் நண்டும் முதலில் கை வைப்பது உதடு, இமை, காது மடல் போன்ற மெல்லிய பகுதிகளில்தான். அவர் வாயையே திறக்காமல் மருத்துவர் அறிக்கைக்குக் காத்திருப்பார். உயிரோடு நீரில் விழுந்தாரா, செத்த பிறகு போட்டார்களா என்பதுதான் முதல் கேள்வி. அதற்கு எலும்பு மஜ்ஜையில் டயாட்டம் என்ற நுண்பாசி இருக்கிறதா என்று ஆய்வகத்தில் பார்ப்பது ஒரு வழி. அது மட்டுமே முடிவான சாட்சி ஆகாது. கடலின் வெதுவெதுப்பில் உடல் ஓரிரு நாளில் மிதந்துவிடும், நம் ஏரி போன்ற குளிர்ந்த தண்ணீரில் கூடுதல் நாள் பிடிக்கும். அதனால் இங்கே பழகிய அதிகாரி அங்கே மாற்றலாகிப் போனால் நாள் கணக்கில் தடுமாறுவார். இதையும் பயன்படுத்தலாம்.

தனியாளாக விசாரிக்கிறார் என்பதை விட்டுவிடுங்கள். எழுத்து வேலை பார்க்கும் ரைட்டர் இல்லாமல் ஒரு ஸ்டேஷன் நகராது. பழைய குற்றவாளிகளின் நடையை வைத்தே ஆளைச் சொல்கிற க்ரைம் ஏட்டு இல்லாமல் துப்பு துலங்காது. சம்பவ இடத்தைப் பார்த்து எழுதும் பார்வை மகஜரில் கையெழுத்துப் போட வி.ஏ.ஓ. வர வேண்டும், அவர் வேறு ஏதாவது கூட்டத்தில் இருப்பார்.

சூரிய உதய ஒப்புதல் வாக்குமூலத்தை நீங்கள் ஆசையாக எழுதியிருக்கிறீர்கள் என்று தெரிகிறது. வருத்தத்தோடு சொல்கிறேன்: போலீசிடம் சொன்ன ஒப்புதலைக் குற்றவாளிக்கு எதிராக நீதிமன்றத்தில் நிரூபிக்க முடியாது. பழைய சாட்சியச் சட்டத்தில் 25, புதிய சாட்சிய அதிநியத்தில் 23. காவலில் இருக்கும் ஆள் சொன்ன தகவலால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தத் தகவல் மட்டும் செல்லும். அவன் முழுக்கதையும் சொல்லி முடிக்கிறான். அதில் “கத்தியைப் பாறை இடுக்கில் செருகினேன்” என்கிற ஒரு வரிதான் இவருக்கு உதவும். இடுக்கில் தேடிப்போனால் அலை கொண்டுபோயிருக்கிறது. உண்மை முழுவதும் தெரிந்த ஓர் ஆள், கோர்ட்டில் சொல்ல ஒன்றுமில்லாமல் நிற்கிறார். நீங்கள் எழுதிய காட்சியில் ஒரு வரியைக்கூட மாற்ற வேண்டாம், அதற்கு அடுத்த காட்சியாக இதை வையுங்கள்.

ஊரைப் பற்றி: கன்னியாகுமரியை விட்டுவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் பள்ளிச் சுற்றுலாவில் பார்த்த கடலைவிட, உங்கள் மேஜை இழுப்பறையில் இருக்கும் ரிஜிஸ்டர் அதிகம் சொல்லும். யார் பொய்ப்பெயர் கொடுப்பார்கள், யார் ஒரு நாள் என்று சொல்லி மூன்று நாள் தங்குவார்கள், ‘ஊர்ப்பேரு கெட்டுரும், போலீசுக்குப் போக வேண்டாம்’ என்று எந்த முதலாளி எப்போது சொல்வார் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். எனக்கு அந்தப் பக்கம் தெரியாது. கடற்கரை லாட்ஜ் ரிசப்ஷனிஸ்ட் ஒருத்தியைக் கதைக்குள் கொண்டுவாருங்கள்.

மலையிலேயே எழுத மனம் வந்தால் சொல்ல நிறைய இருக்கிறது. உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தபின், எந்த வண்டி எத்தனை பேரோடு ஏறியது, எங்கே தங்குவதாகச் சொன்னது என்று ஒரு பதிவு கிடைக்கிறது. ஆனால் இறங்க வத்தலக்குண்டு சாலை, பழனி சாலை, அடுக்கம் வழி என்று மூன்று பாதை. கேமரா இருக்கும், அதன் முன்னால் மூடுபனி நிற்கும். செல்போன் டவரை நம்பினால், மலை விளிம்பில் நின்று பேசியவன் கீழே சமவெளி டவரைப் பிடித்திருப்பான். காகிதத்தில் அவன் பெரியகுளத்துப் பக்கம் இருந்ததாகக் காட்டும். வக்கீலுக்கு அது போதும்.

கடைசியாக ராஜினாமா. தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு அரசாங்க வேலையிலிருந்து யாரும் நடந்து போய்விட முடியாது. 50 வயது முடிந்தவர் விருப்ப ஓய்வு கேட்கலாம், மூன்று மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும். 3(பி) நிலுவையில் இருந்தால் அது முடிகிற வரை விட மாட்டார்கள். விட்டாலும், அவர் விசாரித்த வழக்குகளுக்கு விசாரணை அதிகாரி என்று சம்மன் வீடு தேடி வரும். எனக்கு இன்னமும் தாண்டிக்குடிக்கு வருகிறது, பஸ் பிடித்துப் போய்ச் சாட்சிக் கூண்டில் ஏறிவிட்டுத்தான் வருகிறேன். ஆகவே ராஜினாமாவைக் கடைசி அத்தியாயத்திலிருந்து எடுத்து முதல் அத்தியாயத்தில் வையுங்கள். கார்த்திகை பிறந்ததும் நோட்டீஸ் கொடுக்கிறார். தை முடிய மூன்று மாதம். ஐயப்ப சீசன் உச்சத்தில் இருக்கும்போது வள்ளக்காரர்கள் அந்த உடலைக் கொண்டுவருகிறார்கள். அடுத்த வரைவை அப்படி எழுதி அனுப்புங்கள், படிக்கிறேன்.